அம்மாவைத் தொடுவதற்கு முன்னால்

கேள்வி:

சிஸ்டர், என் அம்மாவுக்கு வயது 68. ஐந்து வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சரியாக வரவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்து 9 நாள் ஆகிறது. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறார்கள். தங்கை வேலைக்குப் போய்விடுவாள், பகல் முழுக்க நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டயப்பர் மாற்றும்போதும் உடம்பு துடைக்கும்போதும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். சில நாள் கண்ணீர் வடிகிறது. தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது. இடுப்புக்குப் பின்னால், எலும்பு முட்டும் இடத்தில் கட்டைவிரல் நக அளவுக்குச் சிவந்திருக்கிறது. போன வாரம் நாற்காலியில் உட்காரவைக்கத் தூக்கியபோது இரண்டு பேருமே விழப் பார்த்தோம். மருத்துவமனையில் நர்ஸ்கள் செய்யும்போது சுலபமாகத் தெரிந்தது. நான் செய்தால் எல்லாமே தப்பாகப் போகிறது. எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுங்கள்.

பதில்:

தம்பி, எல்லாமே தப்பாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அம்மாவின் முதுகில் இருக்கும் சிவப்பை நீங்களே கண்டுபிடித்து, எந்த இடம், என்ன அளவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல வீடுகளில் அந்த இடத்தைப் புண்ணாகி வாடை வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். அதனால் தப்பு என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் காத்திருக்காது. அவற்றை முதலில் சொல்கிறேன்.

ஒன்று, இருமல். இன்றே டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். அடுத்த தடவை காட்டப் போகும்வரை தள்ளிப்போட வேண்டாம். பக்கவாதம் கை காலோடு நிற்பதில்லை, தொண்டைத் தசைகளையும் பிடிக்கும். விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ள வேண்டும். அது ஒரு நொடி தாமதமானாலும் தண்ணீர் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். நமக்குப் புரையேறினால் நாலு இருமலோடு சரியாகிவிடும். அம்மாவுக்குத் தினமும் பல தடவை புரையேறினால் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். வெறும் தண்ணீர்தான் இருப்பதிலேயே சிரமமானது, ஏனென்றால் அது வேகமாக ஓடும். கொஞ்சம் கெட்டியாக இருப்பதை நாக்கு பிடித்து நிறுத்தி விழுங்க முடியும். அம்மாவுக்கு எந்தப் பதம் சரிப்படும், வாய்வழியாகக் கொடுக்கலாமா என்பதை விழுங்கும் திறனைச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இந்தச் சோதனையைச் செய்வார்கள். அதுவரை வெறும் தண்ணீரை வாயில் கொடுக்காதீர்கள். மாத்திரையை எப்படிக் கொடுப்பது, நீர்ச்சத்து குறையாமல் என்ன செய்வது என்று அந்தப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

அவர்கள் பார்த்து அனுமதித்த பிறகும், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும். அம்மா நன்றாக விழித்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஒரு வாய்கூட வேண்டாம். நீங்களும் எதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். நின்றுகொண்டு கொடுத்தால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். சின்னக் கரண்டியில் கொஞ்சமாக எடுத்து, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். விழுந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு ஒதுங்கி நிற்பது அவருக்கே தெரியாது, அதனால் சாப்பிட்டு முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லி வலது கன்னத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். முடித்த பிறகு அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். இருமல் இல்லையென்றால் புரையேறவில்லை என்றும் நினைக்க வேண்டாம். சிலருக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொழகொழப்பாக மாறினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, அந்தச் சிவப்பு. அதன் மேல் விரலை வைத்துச் சில நொடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் கெடவில்லை. வெளுக்காமல் அப்படியே சிவந்து நின்றால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது, தோல் இன்னும் உடையவில்லை, அவ்வளவுதான். கருத்த தோலில் இந்த நிறமாற்றம் சரியாகத் தெரியாது. அப்போது கண்ணை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கல் போலவோ பஞ்சு போலவோ இருந்தால் அதே அர்த்தம்தான்.

எந்த நிலையாக இருந்தாலும் அம்மாவை இப்போதைக்கு மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். சிவந்த இடத்தைத் தேய்த்தும் விடாதீர்கள். ரத்தம் ஓடட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் தேய்ப்பார்கள், ஆனால் அடியில் ஏற்கெனவே நைந்திருக்கும் திசு இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தி நடுவிலுள்ள ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். வேண்டியது ஒன்றுதான், அந்த இடத்தின் மேல் உடம்பின் பாரம் இறங்கக்கூடாது.

பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புங்கள். முழுசாக விலா மேல் படுக்கவைத்தால் பாரம் இடுப்பெலும்பின் முட்டில் போய் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, ஏறக்குறைய 30 டிகிரி மட்டும் சாய்த்தால் போதும். முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்கால் நீளத்துக்கு இன்னொன்று வைத்தால் குதிகால் படுக்கையைத் தொடாமல் நிற்கும். வைத்து முடித்ததும் குதிகாலுக்கு அடியில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் போய்வர வேண்டும். விழுந்த பக்கமாகவும் சாய்க்கலாம், ஆனால் குறைந்த நேரத்துக்கு. அப்போது வலது தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் முன்னால் எடுத்துவிட வேண்டும். எப்போது எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தங்கை மாலையில் வந்ததும் உங்களைக் கேட்காமலேயே அடுத்து எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும்.

காற்று மெத்தை வாங்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். உதவும். ஆனால் அது வந்துவிட்டால் திருப்ப வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மெத்தை இருந்து தோலும் நன்றாக இருந்தால் இரவில் இடைவெளியை 4 மணி நேரம் வரைகூட நீட்டிக்க முடியும். உங்கள் அம்மாவுக்கு அது சரிவருமா என்று தோலை நேரில் பார்க்கும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருந்தால் உடம்பு மெல்ல மெல்லக் கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் கீழே நகரும். நடுவில் இருக்கும் ரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். அதனால் சாப்பாட்டு நேரமும் அதற்குப் பிந்தைய அரை மணியும் போக, மற்ற நேரம் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

சரி, இப்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பற்றிப் பேசுவோம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனதில் நிற்பது அதுதான்.

நான் பயிற்சியில் இருந்தபோது எங்கள் ஆசிரியை ஒருநாள் பாடம் நடத்தாமல் எங்களைக் கட்டில்களில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். வலது கையைத் துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டினார். ஒரு மணி நேரம் பேசக்கூடாது, அசையக்கூடாது. பத்து நிமிடத்தில் என் மூக்கு நுனி அரித்தது. தோள்பட்டைக்கு அடியில் விரிப்பில் ஒரே ஒரு மடிப்பு இருந்தது; முதலில் நூல் போல இருந்தது நேரம் ஆக ஆகக் கயிறு போல உறுத்தியது. அப்புறம் என்னோடு படித்த பெண் வந்து, ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியை என் கழுத்தில் வைத்தாள். சில்லென்று பட்டதும் உடம்பே தூக்கிப்போட்டது. அவள் என் தோழிதான். ஆனாலும் அந்த நொடியில் எனக்கு வந்தது கோபம், அதோடு ஒரு வெட்கம். என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாததுதான் காரணம். இத்தனை வருட வேலையில் எத்தனையோ பாடம் மறந்துபோனது, அந்த ஈரத்துணி மறக்கவில்லை.

அம்மா கண்ணை மூடிக்கொள்வது உங்களை வெறுத்து இல்லை. அவருக்கு வேறு வழி இல்லை. எழுந்து போக முடியாது, கையால் தடுக்க முடியாது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. முகத்தைத் திருப்புவதுதான் இப்போது அவருடைய பேச்சு. வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருப்பதால் மூளையின் இடது பக்கத்தில் பாதிப்பு இருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மையம் இருப்பது அங்கேதான். வார்த்தை வராது என்பதால் ஒன்றும் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அறையில் அவரைப் பற்றி நடக்கும் பேச்சு அவர் காதில் விழுகிறது.

அதனால் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். "அம்மா, இப்போ இடது கையைத் துடைக்கப்போறேன்." சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். ஆமாம், இல்லை என்று காட்ட ஒரு வழி பிடித்துக்கொள்ளுங்கள்: இடது கையால் உங்கள் விரலை ஒரு முறை அழுத்தினால் ஆமாம், கையை விட்டுவிட்டால் இல்லை. பேச்சு போனவர்களுக்கு ஆமாம், இல்லை என்பதே சில நேரம் மாறி வந்துவிடும், அதனால் முக்கியமான விஷயத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு சட்டையைக் கையில் எடுத்துக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால் பார்வையிலேயே பதில் வந்துவிடும். சத்தமாகப் பேச வேண்டாம், அவருக்குக் காது கேட்கிறது. கண்ணாடி போடுபவராக இருந்தால் காலையில் எழுந்ததும் போட்டுவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரியும் உலகத்தில் யாரோ வந்து உடையைக் கழற்றினால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

அந்தரங்கப் பகுதியை யார் கழுவ வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். தங்கை என்றால் குளியலை அவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மலம் போன டயப்பர் மாலைவரை காத்திருக்க முடியாது. அதையும் அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: "தோல் வெந்துடும்மா, நான்தான் மாத்தணும், போர்வைக்குள்ளேயே மாத்திடறேன்." மகனிடம் இப்படிக் கிடக்கிறோமே என்ற தவிப்பு ஒரே நாளில் போகாது. சொல்லிச் செய்யும்போது கொஞ்சம் குறையும்.

இனி உடம்பு துடைக்கும் முறை. கதவைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். துண்டு, சோப்பு, இரண்டு பேசின், மாற்று உடை, டயப்பர் எல்லாவற்றையும் முன்பே கையெட்டும் தூரத்தில் வையுங்கள். பாதியில் அவரைத் திறந்துபோட்டுவிட்டுத் துண்டு தேடப் போகக்கூடாது. கைகளைச் சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி கழுவுங்கள், விரல் இடுக்கும் கட்டைவிரலும் மறக்காமல். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். அவருடைய வலது பக்கத்துக்குச் சூடு உறைக்காமல் போகலாம், அப்போது கொப்பளம் வந்த பிறகுதான் நமக்கே தெரியும். இதே காரணத்தால் அந்தப் பக்கம் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது.

மேலே ஒரு போர்வை எப்போதும் இருக்கட்டும். கையைத் துடைக்கும்போது கை மட்டும் வெளியே, முடித்துத் துவட்டியதும் அது உள்ளே, பிறகு அடுத்தது. கண்ணிலிருந்து தொடங்குங்கள். சோப்பு வேண்டாம், மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு முனை. முகத்துக்கு வரும்போது துணியைப் பிழிந்து அவருடைய இடது கையில் கொடுத்துவிடுங்கள். அவரே துடைக்கட்டும். கோணலாகப் போகும், நேரம் எடுக்கும், பிடுங்கிச் செய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். விர்ஜினியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்கச் செவிலியர் எங்கள் தொழிலுக்குச் சொன்ன விளக்கத்தை 1960-ல் சர்வதேசச் செவிலியர் மன்றம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பலமும் மனமும் அறிவும் இருந்தால் ஒருவர் தனக்குத் தானே செய்துகொள்வதைத்தான் நாம் அவருக்காகச் செய்கிறோம், அதையும் அவர் சீக்கிரமே நம் உதவி இல்லாமல் இருக்கும்படி செய்ய வேண்டும் என்றார். அம்மாவுக்கு இடது கையில் பலம் இருக்கிறது. அதை நாம் பிடுங்கிக்கொள்ளக்கூடாது.

அப்புறம் கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு என்று போங்கள். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, கால் விரல் இடுக்கு இங்கெல்லாம் ஈரம் நிற்கக்கூடாது. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அந்தரங்கப் பகுதி கடைசியில், புதுத் தண்ணீரில், தனித் துணியில், கையுறை போட்டுக்கொண்டு. முன்னாலிருந்து பின்னால் மட்டுமே துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் மலத்திலுள்ள கிருமி சிறுநீர்ப் பாதைக்கு வந்துவிடும். படுக்கைப்புண் வரும் அபாயத்தைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் பிரேடன் அளவுகோலில் ஆறு அம்சங்கள் உண்டு, அவற்றில் ஈரம் ஒன்று. ஊறிய தோல் சுலபமாக உரியும். டியூப் இருப்பதால் டயப்பரில் சிறுநீர் இருக்காது என்று விட்டுவிடாமல், திருப்பும்போதெல்லாம் ஒருமுறை பாருங்கள். மலம் பட்ட தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை மெல்லிசாகத் தடவலாம். பவுடர் வேண்டாம், இடுக்குகளில் கட்டியாகித் தோலை அறுக்கும்.

உடை மாற்றும்போது போடுவது வலது கையிலிருந்து, கழற்றுவது இடது கையிலிருந்து. முன்பக்கம் பட்டன் உள்ள தளர்வான சட்டை வசதி. கடைசியில் விரிப்பை இழுத்துச் செருகி, உங்கள் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். என் தோளில் உறுத்திய மடிப்பைச் சொன்னேனே, அதற்காகத்தான்.

குளிப்பாட்டும் நேரம் சுத்தத்துக்கு மட்டும் இல்லை தம்பி. ஒரு நாளில் அம்மாவின் உடம்பு முழுவதையும் நீங்கள் பார்க்கும் ஒரே நேரம் அதுதான். குதிகால், கணுக்கால், இடுப்பு முட்டு, வால் எலும்பு, தோள்பட்டை, முழங்கை, காது மடல், பின்மண்டை என்று ஒவ்வொரு இடத்தையும் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் பிடித்துவிடாதீர்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

வாயையும் அப்படியே பாருங்கள். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால், நிமிர்ந்து உட்கார்ந்தோ ஒருக்களித்தோ இருக்கும்போது சுத்தம் செய்யுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிட வேண்டும். புரையேறும் நோயாளிக்கு வாய் சுத்தம் வெறும் வாடைக்காக இல்லை. எச்சிலோடு என்ன கிருமி இறங்குகிறதோ அதுதான் நுரையீரலில் போய் உட்காரும்.

டியூப் விஷயத்தில் நான் ஒரு இரவைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் ராத்திரி முழுக்கக் கையை உதறிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பேச்சு வராது. குழப்பத்தில் இருக்கிறார் என்று நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்துத் தூங்கச் சொன்னேன். விடியற்காலையில் மூத்த சிஸ்டர் வந்து போர்வையை விலக்கினார். டியூப் அவர் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது, பை காலியாக இருந்தது, அடிவயிறு கல் போல வீங்கியிருந்தது. டியூபை நேராக்கியதும் பை நிறைந்தது, அவர் உடனே தூங்கிப்போனார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், பையைப் பார்க்கவில்லை. அதிலிருந்து, பேச முடியாத ஒருவர் தவித்தால் முதலில் டியூப், அடுத்து டயப்பர், அடுத்து வலி, அடுத்து படுத்திருக்கும் விதம் என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் குழப்பம் என்ற வார்த்தையையே எடுப்பேன்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. திருப்பும்போது கட்டிலில் தூக்கி வைத்தால் பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்யுங்கள். டியூபையும் பையையும் சும்மா பிரித்து மாட்டாதீர்கள். டியூபைத் தொடையில் ஒட்டி நிறுத்தினால் இழுபடாது. தினமும் சோப்புத் தண்ணீரால் உடம்போரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன பலூன் ஊதி வைத்திருப்பார்கள், அதனால் வராத டியூபை யாரும் இழுக்கக்கூடாது. மடிப்பு எதுவும் இல்லாமலே சில மணி நேரம் சிறுநீர் வரவில்லை, அல்லது ரத்தம், குளிர்காய்ச்சல் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மலம் 3 நாள் போகவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். கெட்டியாக அடைத்துக்கொண்டு ஓரமாகத் தண்ணீர் போலக் கசிவதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்துவிடும் வீடுகள் உண்டு, அதனால் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்.

நாற்காலிக்கு மாற்றுவதைப் பிசியோதெரபிஸ்ட் நேரில் காட்டி, அவர் கண்ணெதிரில் நீங்களும் ஒருமுறை செய்யும்வரை தனியாக முயற்சிக்காதீர்கள். தங்கை இருக்கும்போது இரண்டு பேராகச் செய்யுங்கள். நீங்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். விழுந்த பக்கத்துத் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசையில் பலம் இல்லை, இழுத்தால் நழுவிவிடும். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, உட்காரும்போது தலையணை மேல் வைத்துத் தாங்க வேண்டும். நாற்காலியை இடது பக்கம், கட்டிலை ஒட்டிச் சாய்வாகப் போட்டு, இரண்டின் பிரேக்கையும் பூட்டுங்கள். அம்மாவைக் கட்டில் விளிம்பில் கால் தரையில் படும்படி உட்காரவைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், படுத்தே இருந்தவர்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சரியும். தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு, அவருடைய வலது முழங்காலுக்கு உங்கள் முழங்காலால் முட்டுக் கொடுத்து, இடுப்பைப் பிடித்து, முன்பக்கமாகக் குனியச் சொல்லுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்போது பின்பக்கம் தானாக மேலே எழும். நீங்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நில்லுங்கள். நடுவில் சரிந்தால் தூக்கிப் பிடிக்கப் போராட வேண்டாம். அவர் உங்கள் உடம்போடு ஒட்டி மெல்லத் தரைக்கு இறங்கட்டும், தலை மட்டும் அடிபடாமல் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதனால் தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரவில் கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, சின்ன விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். கூப்பிட ஒரு மணியை இடது கைக்கு எட்டும்படி வையுங்கள். முகம் புதிதாகக் கோணினாலும், பேச்சோ கையோ திடீரென இன்னும் மோசமானாலும், எழுப்பினால் எழாவிட்டாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதுகு வலி இருக்கும், தூக்கம் இருக்காது. வாரத்தில் சில இரவுகளையாவது தங்கை ஏற்றுக்கொள்ளட்டும். அந்த இரவுகளில் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். தூக்கம் கெட்ட கை பிரேக்கைப் பூட்ட மறக்கும், நானே அப்படி மறந்திருக்கிறேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் சோதனை எப்போது? பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவாரா? முதுகுச் சிவப்பை யார் வந்து பார்ப்பார்கள்? டியூப் இன்னும் தேவையா, எப்போது எடுக்கலாம்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி உள்ளே போகும் வாய்ப்பு கூடுகிறது. டாக்டர் வந்தால் இதையெல்லாம் அறைக்கு வெளியே அழைத்துப் போய்ப் பேசாதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு டாக்டரின் முகத்தைப் பார்க்கும்படி உட்காரவைத்துக் கேளுங்கள்.